நீலப் பம்புக்கு ஒரு நிமிட மௌனம்

செஸ்ட் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர்மாரே, நர்ஸ் பிள்ளைகளே, உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். "மருந்தைப் பத்திப் பேசவேணாம் சிஸ்டர், அதெல்லாம் ஸ்லைட்டுல இருக்கு. அனுபவத்தைச் சொல்லுங்க" என்றார்கள். நல்லதாகப் போயிற்று. ஸ்லைட்டில் இருப்பதை வாசிக்க எனக்கு இப்போது கண்ணும் சரியில்லை, பொறுமையும் இல்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்தளை மாவட்டத்தில் ஆஸ்துமாவை முட்டு என்பார்கள். ஆனால் முட்டு என்பது யாருக்கும் கிடையாது. வேண்டுமானால் கேட்டுப்பாருங்கள். ஒருவருக்கு லேசாகச் சளி. இன்னொருவருக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. மூன்றாமவருக்குச் சின்ன வயதில் இருந்தது, இப்போது அறவே இல்லை. இப்படி முட்டே இல்லாத ஊரில் பாமசிக்காரர்கள் நீலப் பம்பை டொபி மிட்டாய் மாதிரி விற்றுக்கொண்டிருக்கிறார்கள். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் அவர்களும் சொல்லமாட்டார்கள். தொழில் தர்மம்.

நீலப் பம்ப் என்றால் வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகிற இன்ஹேலர், இறுகிப்போன மூச்சுக்குழாயைச் சட்டென்று திறந்துவிடுவது. நல்ல மருந்துதான். ஆனால் குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதில்லை. அடுப்படியில் தீப்பிடித்தால் ஜன்னலைத் திறந்து புகையை வெளியே விடுகிற வேலைதான் அதற்கு. தீயை அணைக்க வேறு மருந்து வேண்டும். நீலத்தை மட்டும் நம்பி இருப்பவர்கள், நோய் லேசாகத் தெரிந்தாலும், ஒருநாள் பெரிய முட்டில் விழுந்துவிடலாம் என்று இப்போதைய ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஆகவே இரண்டு மருந்தும் சேர்ந்த பம்பைக் கொடுங்கள் என்கிறார்கள். எங்களுக்கும் கொடுக்க ஆசைதான். ஆராய்ச்சி ஈமெயிலில் வரும், மருந்து லொறியில் வரும். இரண்டுக்கும் நடுவில்தான் நம்முடைய உத்தியோகம்.

சரி, கதைக்கு வருகிறேன். நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச காலம் முந்தி, ஒவ்வாமை, ஆஸ்துமா பற்றிய இந்தப் புதிய ஆராய்ச்சிகளை மக்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு விழா எடுத்தார்கள். கலேவெலப் பக்கம் ஒரு மண்டபம். எந்த மண்டபம், எந்தக் கமிட்டி என்று கேட்காதீர்கள். அவர்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள், நானும் சுகமாக இருக்க விரும்புகிறேன்.

நிகழ்ச்சிநிரல் மூன்று மொழியில் பளபளவென்று அச்சாகியிருந்தது. மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுச்சின்னம், நன்றியுரை. 'புதிய ஆராய்ச்சிகள்' நன்றியுரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'நேரமிருப்பின்' என்று போட்டிருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய பதாகை: 'புகையைத் தவிர்ப்போம், மூச்சைக் காப்போம்.' அதன் அடியில் ஒரு கட்டு ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். சுவருக்கு அந்த வாரம்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். பெயின்ட் மணத்தை மறைக்க வாசனை ஸ்பிரே. ஸ்பிரே மணம் போதவில்லை என்று மல்லிகை மாலைகள். நான் மெதுவாகக் கமிட்டித் தலைவரிடம் போனேன். கழுத்துப்பட்டி கட்டிய, ஓயாமல் வியர்த்துக்கொண்டிருந்த மனுஷர் அவர்.

"சேர், வந்திருக்கிறதுல பாதிப் பேர் நம்ம கிளினிக் ஆளுங்க. அந்த ஊதுபத்தியையாவது அணைச்சிடலாமா?"

"மிஸ், அது மங்களத்துக்கு வச்சது. நல்ல சந்தனம். கெமிக்கல் ஒண்ணும் கிடையாது."

சந்தனம் என்று தெரிந்தால் மூச்சுக்குழாய் மரியாதையாக வழிவிடும் என்று நினைத்தார் போலும். நான் வந்து உட்கார்ந்தேன்.

மேடையின் ஒரு பக்கத்தில் கண்காட்சி மேசை. விதவிதமான பம்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் அன்றைய கதாநாயகன், ஒரு கொடையாளி தந்த புத்தம்புதிய நெபுலைசர். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கிற மெஷின். சனங்கள் இதைப் 'புகை பிடிக்கிறது' என்பார்கள். பம்பைவிட மெஷின்தான் பெரிது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பம்புக்கும் வாய்க்கும் நடுவில் ஒழுங்கான குடுவை ஒன்றை வைத்துப் பாவித்தால் பெரும்பாலானோருக்கு அதே பலன்தான் என்று ஆராய்ச்சி சொல்லிப் பல காலமாகிறது. ஆனால் பம்புக்கு ரிப்பன் கட்டமுடியாதே. நெபுலைசரைக் கண்ணாடித் தாளில் சுற்றி, ரோஸ் நிற ரிப்பன் கட்டி, முன்னால் ஒரு வெள்ளித் தட்டில் கத்தரிக்கோலையும் வைத்திருந்தார்கள். பிரதம விருந்தினர் வந்து வெட்டவேண்டும். அவர் அப்போதும் வந்து சேரவில்லை.

சபையை நிரப்பியது பக்கத்து மசாலா மில் முதலாளி. மதியச் சாப்பாடும் அவர் உபயம்தான். மில்லில் மிளகாய்த்தூளைப் பாக்கெட்டில் அடைக்கிற பெண் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தார். கூடவே யட்டவத்தையிலிருந்து ஒரு மாதர் சங்கமும் வந்திருந்தது.

மில் பிள்ளைகளில் ஒருத்தி ரிஸ்னா. என்னுடைய கிளினிக் பிள்ளை. மிளகாய்த்தூளுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைக்கு முட்டு வராமல் வேறென்ன வரும்? அவளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை யட்டவத்தையில் த்ரீவீலர் ஓட்டுகிறவர். "மிஸ், மாப்பிள்ள வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது. முட்டுக்காரிய யாரு எடுப்பாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள். அன்று மண்டபத்துக்குள் நுழைந்தவள் மாதர் சங்க வரிசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் உம்மா, அவளுக்கு மாமியாகப் போகிறவர், அங்கே உட்கார்ந்திருந்தார். மாமி கையைக் காட்டித் தன் பக்கத்துக் கதிரைக்குக் கூப்பிட்டார். ரிஸ்னா, "பேக்க பஸ்ஸுல வச்சிட்டு வாரேன் மாமி" என்று திரும்பி ஓடினாள். பேக்குக்குள் பம்ப் இருந்தது. அவள் வந்து உட்கார்ந்ததும் பஸ் டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளை வேன் கேட்டுக்குள் திரும்பியது. "வந்துட்டாரு" என்று யாரோ கத்த, சீனவெடிக் கட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். ஆஸ்துமா விழாவுக்குச் சீனவெடி. வேனிலிருந்து இறங்கியது பிரதம விருந்தினர் அல்ல, புரியாணிச் சட்டி. ஆனால் வெடிக்கு அது தெரியுமா? கடைசி வெடிவரைக்கும் வெடித்துத் தீர்த்தது. காற்று மண்டபத்தின் பக்கம் அடித்ததால் அவ்வளவு புகையும் கதவு வழியாக உள்ளே வந்து, பதாகையே தெரியாமல் போயிற்று.

நான் ரிஸ்னாவைத்தான் பார்த்தேன். அவள் முன்கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. நான் பக்கத்தில் போனபோது ஒரு சொல்லைக்கூட முழுதாகச் சொல்ல அவளால் முடியவில்லை. இருமுகிறவனைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பிள்ளைகளே. பேச்சு நின்றுபோனவனைப் பார்த்துத்தான் பயப்படவேண்டும்.

என்னோடு வந்திருந்த டாக்டர் தம்பி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, அந்த மாதம்தான் கிளினிக்குக்கு வந்தவர். ஓடிப்போய்க் கண்காட்சி மேசையிலிருந்து ஒரு நீலப் பம்பை எடுத்துவந்து அவள் வாயில் வைத்து அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். ஒரு மாற்றமும் இல்லை. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தது. மேசையில் இருந்த அத்தனையும் மருந்தில்லாத டம்மி. வெறும் காற்று.

"சிஸ்டர், மெஷினை எடுங்கோ" என்றார் தம்பி.

நான் கண்ணாடித் தாளில் கை வைத்ததும் கமிட்டித் தலைவர் குறுக்கே வந்து நின்றார். "மிஸ், இன்னும் திறந்து வைக்கல்லையே. போட்டோ எடுக்கணும். கொஞ்சம் பொறுங்க, சேர் தம்புள்ளையைத் தாண்டிட்டாராம்."

"சேர், இந்தப் பிள்ள தம்புள்ளையைத் தாண்டமாட்டா" என்று சொல்லிவிட்டு ரிப்பனோடு சேர்த்துப் பிய்த்தேன். பிய்த்து என்ன பயன்? மெஷினின் பிளக்குக்குச் சதுரக் கால், மண்டபத்துப் பொயின்ட்டுக்கு உருண்டை ஓட்டை. மெஷினில் ஊற்றுகிற மருந்தையும் யாரும் கொண்டுவரவில்லை. திறப்பு விழாவுக்கு மருந்து எதற்கு? மண்டபம் நிறையச் சுகாதாரத் துறை. ஒரு சொட்டு மருந்து கிடையாது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. டிரைவரைத் தேடி இரண்டு பேர் ஓடினார்கள். ஆனால் ரிஸ்னாவின் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் மைக்கைப் பிடுங்கினேன். தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன்: "யாரிடமாவது நீலப் பம்ப் இருந்தால் உடனே கொண்டுவாருங்கள்."

ஒருவரும் அசையவில்லை. என் கையால் பம்ப் வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் கூரையில் ஃபேனை ஆராய்ந்தார். ஒரு அம்மா நிகழ்ச்சிநிரலை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். எழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம். எனக்கு வந்த கோபத்துக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். நாக்கு நுனிவரைக்கும் பெயர்கள் வந்துவிட்டன.

அங்கேதான் நான் நின்று யோசித்தேன், பிள்ளைகளே. பெயர் சொன்னால் என்ன ஆகும்? "என்னட்ட இல்ல மிஸ்" என்பான். அவனோடு வாதாட நேரமில்லை. வெட்கப்படுகிறவனோடு அவசரத்தில் சண்டை போடக்கூடாது. அவனுக்கு ஒரு பின்கதவைத் திறந்துவிடவேண்டும். எங்கள் நாட்டில் எந்த விழாவுக்குப் போனாலும் சனங்கள் கேள்வி கேட்காமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. நான் மைக்கில் சொன்னேன்:

"எல்லாரும் எழுந்திருங்க. ஒரு நிமிஷ மௌனம். தலையைக் குனிஞ்சு கண்ணை இறுக்கி மூடுங்க. இந்தப் பிள்ளைக்காகப் பிரார்த்தனை பண்ணுங்க. பம்ப் வச்சிருக்கிறவங்க மட்டும் கண்ணைத் திறந்து, மேசையில வச்சிட்டுப் போய் நில்லுங்க. வேற யாரும் பார்க்கக்கூடாது."

மொத்த மண்டபமும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டது. கமிட்டித் தலைவர் எல்லாரையும்விட இறுக்கமாக மூடினார். மறு நொடி, ரிஸ்னாவின் பக்கத்தில் குனிந்திருந்த என் கைக்குள் ஏதோ ஒன்று திணிக்கப்பட்டது. இடுப்புச் சூடு மாறாத நீலப் பம்ப். கொடுத்தது மாமி. பம்ப் உள்ளவர்கள் கண்ணைத் திறக்கலாம் என்று சொல்லியும் அந்த மனுஷி கண்ணைத் திறக்கவில்லை.

இப்போது குடுவை வேண்டும். மூச்சை இழுக்கமுடியாத பிள்ளைக்குப் பம்பை நேரே வாயில் அடித்தால் பாதி மருந்து நாக்கில்தான் போகும். விருந்தினருக்கு வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கவிழ்த்துக் கொட்டினேன். வெள்ளித் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அடியில் பம்பின் வாய் நுழையுமளவு ஓட்டை போட்டேன். ஆபத்துக்குப் பாவமில்லை. போத்தல் வாய் ரிஸ்னாவின் வாயில். ஒரு தரம் அழுத்து, சில மூச்சு விடு, மறுபடி அழுத்து. தம்பி அவள் முதுகைத் தாங்கி நேராக உட்காரவைத்தார். இந்தப் போத்தல் வித்தையையும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், வேறு வழியில்லாத இடத்தில் நன்றாகவே வேலை செய்யும்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கியது. முதல் வார்த்தை வந்தது. "மாமி" என்றாள். "மாமி, வெடிப் புகை… தொண்டைக்குள்ள போயிட்டு."

"ஓ மகள், புகைதான்" என்றார் மாமி. "புகை போனா யாருக்கும் இப்பிடித்தான் வரும்."

இரண்டு பேரும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆக்சிஜன், வீக்கத்தைக் குறைக்கிற மருந்து எல்லாம் கிடைத்து, இரண்டொரு நாளில் பிள்ளை வீடு திரும்பினாள்.

மண்டபத்து மேசையைத் திரும்பிப் பார்த்தேன். டம்மிகளுக்கு நடுவில் ஒரு குவியல் நிஜப் பம்புகள். எல்லாம் நீலம். வீக்கத்தை அணைக்கிற மருந்து பேருக்குக்கூட ஒன்றில்லை. 'நீலம் மட்டும் போதாது' என்று பேசவந்த நிபுணர் வைத்ததும் நீலம்தான், நான் கண்ணால் பார்த்தேன். ஊருக்குத்தான் உபதேசம். பிரதம விருந்தினர் வந்தார். ரிப்பனை மறுபடி முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள், அவர் வெட்டினார், எல்லாரும் கை தட்டினார்கள். ஆராய்ச்சி உரைக்கு நேரமிருக்கவில்லை. புரியாணிக்கு இருந்தது. பம்புகளைத் திருப்பி எடுக்க ஒருவரும் வரவில்லை. அவரவர் போகிற வழியில் பாமசியில் புதிதாக வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டேன். நிக்காஹ்வுக்குப் பிறகு ரிஸ்னா கிளினிக்குக்கு வந்தாள். "பம்ப எங்க வச்சிருக்க?" என்று கேட்டேன். தையல் மெஷின் பெட்டிக்குள்ளே, நூலுக்கு அடியில். புகைதான் காரணம் என்று மாமி நம்பிவிட்டாராம், இனிமேல் சொல்லமுடியாதாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இன்னொரு முட்டு வந்தால் இந்தப் பிள்ளை நூற்கண்டுக்குள் பம்பைத் தேடிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவாளே.

அதே மாதத்தில் மாமி வந்தார், முகத்தைப் பாதி மூடிக்கொண்டு. "மிஸ், அண்டைக்குத் தந்தது எண்ட பம்ப் எண்டு யாருக்கும் சொல்லவேணாம். எண்ட மனுஷன் மௌத்தாகுற வரைக்கும் அவருக்கே தெரியா. மகனுக்கும் தெரியா." அவருடைய பம்ப் அரிசி டின்னுக்குள்.

அடுத்த கிளினிக் நாளில் கடைசி ஆளாக ஒரு த்ரீவீலர்காரர் வந்து நின்றார். முகவரியைப் பார்த்தேன். யட்டவத்தை. "மிஸ், சின்ன வயசுலருந்து முட்டு. உம்மாவுக்கும் வைஃபுக்கும் தெரியவேணாம்" என்றார். அவருடையது சீட்டுக்கு அடியில். ஒவ்வாமையும் முட்டும் குடும்பத்துக்குள் ஓடும் என்று படித்திருப்பீர்கள். மறைக்கிற வித்தையும் அப்படியே ஓடும் என்று எந்த ஸ்லைட்டிலும் இல்லை.

டாக்டர் தம்பி மூன்று பேருக்கும் இரண்டு மருந்தும் சேர்ந்த பம்பை எழுதினார். லொறி வந்ததும் கொடுப்போம் என்று சொல்லி அனுப்பினோம். லொறி வந்தது. திரும்ப வரவேண்டிய தேதியைப் போட்டு அறிவிப்பது என் வேலை. மூன்று பேருக்கும் ஒரே நாளை, ஒரே நேரத்தைக் கொடுத்தேன்.

தம்பி பார்த்துவிட்டார். "சிஸ்டர், இது சரியோ? ஆக்களின்ர ரகசியமெல்லோ?"

"நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லல்லையே தம்பி. தேதிதானே போட்டேன்."

சரியா தப்பா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையின் உதடு நிறம் மாறியதைப் பார்த்தவள் நான்.

அன்று காலையில் மாமி முதலில் வந்தார். டவுனுக்குத் துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாராம். ரிஸ்னா தன் உம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். மாமியைக் கண்டதும் திரும்பி ஓடப்பார்த்தாள். வாசலில், ஆளேற்றி ஹயர் போவதாகச் சொல்லிவிட்டு வந்த மாப்பிள்ளை டோக்கனோடு நின்றார். மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் கட்டுப் போடுகிற துணியை மடிப்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். "நீ எப்பருந்துடா?"

"ஸ்கூல் போற காலத்துலருந்து, உம்மா."

"ராவையில நீ வெளிய போய் இருமுவாயே. சிகரட் பத்துறாய் எண்டு நெனச்சு, எத்தின வருஷம் தொழுகையில அழுதிருக்கேன்."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ரிஸ்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப்பார்த்தாள், முடியவில்லை, சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகியது. கை பேக்குக்குள் போய் நின்றுவிட்டது. பெஞ்ச் நிறைய ஆட்கள், அதில் இரண்டு பேர் யட்டவத்தைக்காரர்கள். அவள் பம்பை வெளியே எடுக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மாமியின் முகத்தைப் பார்த்தாள். நான் துணியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

எனக்கு முன்னால் மாமி எழுந்துவிட்டார். தன் பையிலிருந்து பம்பை எடுத்து, மூடியைக் கழற்றி, மருமகளின் கையில் வைத்தார். பிறகு அந்த வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, காத்து வரட்டும். புள்ளக்கி முட்டு. எனக்கும்தான்."